வயலின் பயிற்சி: நாளுக்கு எவ்வளவு நேரம்?

ஈசூன்வாசி:
உயர்நிலைப் பள்ளி முதலாம் ஆண்டில் படிக்கும் என் மகள் கர்நாடக வயலினில் அலங்காரங்கள் எனும் தாளப் பயிற்சிகளை முடித்து இப்போது கீதம் எனும் எளிய பாடல் வகையைத் தொடங்கியிருக்கிறாள். நாள்தோறும் ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டும் என்கிறார் ஆசிரியர். ஆனால் இணைப்பாட நடவடிக்கையும் துணைப்பாட வகுப்பும் முடிந்து அவள் வீடு திரும்பவே இரவாகிவிடுவதால், வார இறுதியில் சேர்த்து வாசித்தால் ஈடாகுமா?

செங்காங் வீணை:
ஈடாகாது என்பதே என் கருத்து. வில்லின் அழுத்தமும் கமகத்துக்குரிய (சுவரத்தை அசைத்து வாசிப்பதற்கான) விரல் நகர்வும் இடையில் உறங்கி எழுந்து மீண்டும் தொடும்போதுதான் கையில் படிகின்றன. ஆகவே வார நாள்களில் இருபது நிமிடமாவது வாசிக்கட்டும். அந்த நேரத்தில் கீதம் முழுவதையும் ஓட்டாமல், தடுக்கும் ஓர் ஆவர்த்தனத்தை (ஒரு முழுத் தாளச் சுற்றை) மட்டும் சுருதிப்பெட்டியுடன் முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில் வாசித்து, அது சுத்தமான பிறகே இரட்டிப்பு வேகமான இரண்டாம் காலத்துக்குச் செல்ல வேண்டும்.

மிருதங்கப்பித்தன்:
உளவியலாளர் எரிக்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெர்லினில் பயின்ற மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் நாளுக்குச் சராசரியாக மூன்றரை மணி நேரம் தனியே பயின்றார்கள், அதையும் இடைவெளி விட்டுப் பிரித்தே செய்தார்கள். தொழில்முறைக் கலைஞராக விரும்பியவர்களின் அந்த அளவைப் பள்ளி மாணவியிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஈசூன்வாசி:
நன்றி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு வாசிப்பது அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகாதா?

செங்காங் வீணை:
வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் ரப்பர் மியூட் (ஒலிகுறைப்பான்) பொருத்தினால் ஒலி வெகுவாகக் குறையும். நாதத்தின் தரத்தை அதில் சரியாகக் கேட்க முடியாது என்பதால், நாதத்தைக் கேட்டுத் திருத்தும் வில் பயிற்சியை மட்டும் வார இறுதிப் பகலுக்கு ஒதுக்குங்கள்.