அபரிஸ்டுவித் கல்லூரியை வாங்கியது பென்னிக் காசா?

ஏடுகாவலன்: "வேல்ஸின் முதல் பல்கலைக்கழகக் கல்லூரியான அபரிஸ்டுவித்தின் கட்டடமே ஏழைகளின் பென்னிக் காசில் வாங்கப்பட்டது. காசு கொடுத்தவர்களின் பெயரெழுதிய அந்தச் சந்தாப் பட்டியல்கள்தான் அதன் தலையாய ஆவணப் பொக்கிஷம்" என்று நேற்று சிறுதுளி எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. கடற்கரையில் நிற்கும் அந்தக் கட்டடம், ரயில்வே ஒப்பந்தக்காரர் தாமஸ் சேவின் எழுப்பிய காஸில் ஓட்டல். சுமார் 80,000 பவுண்டு கொட்டியும் முடிக்காமல் 1866இல் திவாலானார். கல்லூரிக் குழு அதை 1867இல் 10,000 பவுண்டுக்கு வாங்கியது. திறப்பு 1872 அக்டோபரில், 26 மாணவர்களோடு. கிறிஸ்தவச் சபைகளில் கல்லூரிக்காக 'பல்கலைக்கழக ஞாயிறு' வசூல் நடந்ததோ 1875 அக்டோபரில். எட்டு வருஷம் கழித்து வந்த காசு எப்படி விலையைக் கொடுத்தது?

சிறுதுளி: வசூல் 1875இல்தான் தொடங்கியது என்று யார் சொன்னது? கல்லூரிக்காகப் பாடுபட்ட ஹியூ ஓவன் 1872இல் அரசு வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். 1882 வரை அரசாங்கம் கல்லூரிக்கு மானியமே தரவில்லை. பத்து வருஷம் அதன் உயிரைப் பிடித்து வைத்தது சாதாரண ஜனங்கள்தான்.

ஏடுகாவலன்: உயிரைப் பிடித்து வைத்ததை யாரும் மறுக்கவில்லை. நீங்கள் எழுதிய சொல் "வாங்கப்பட்டது". நீங்கள் காட்டும் 1872கூட 1867க்குப் பிந்தியதுதான். ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. 10,000 பவுண்டு என்றால் 24 லட்சம் பென்னி. அன்றைக்கு வேல்ஸின் மக்கள்தொகையே சுமார் 14 லட்சம்தான். தொட்டில் பிள்ளையும் சேர்த்துத் தலைக்கு ஒன்றரைப் பென்னிக்கு மேல் போட்டிருக்க வேண்டும்!

கற்பலகை: உண்மையான ஏழை வசூல் வட வேல்ஸின் பாங்கரில்தான். 1884இல் பென்ரின் ஆர்ம்ஸ் விடுதியில் 58 மாணவர்களோடு தொடங்கிய அந்தக் கல்லூரிக்குக் குவாரித் தொழிலாளர்கள் வாரக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அபரிஸ்டுவித்காரர்களுக்கு இதைச் சொன்னாலே வயிறு எரிகிறது.

ஏடுகாவலன்: பாங்கருக்கு 4,000 பவுண்டு அரசு ஆண்டு மானியம் பிறக்கும்போதே கைக்கு வந்துவிட்டது. அந்தச் சலுகை இல்லாமல் நின்றது அபரிஸ்டுவித். போன மாதத் திரியிலும் இதைச் சொன்னேன், அப்போதும் நீங்கள் பதில் தரவில்லை.

சிறுதுளி: தேதியை விடுங்கள். பட்டியலைத் திறந்து பெயர்களை எண்ணினாலே யார் கொடுத்தார்கள் என்று தெரிந்துவிடும்.

ஏடுகாவலன்: எண்ணிப் பார்த்தவர் இப்படிப் பேச மாட்டார். ஒரே பக்கத்தில் ஜான் ஜோன்ஸ் நாலு பேர் வருவார்கள். பண்ணைப் பெயரோ சபைப் பெயரோ இல்லாவிட்டால் நாலும் ஒரே ஆளா என்று சொல்ல முடியாது. சபைக்கு ஒரே வரியில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் தலைகளை எண்ணவே வழியில்லை. தட்டச்சு செய்பவர்கள் 2 ஷில்லிங் 6 பென்னியை 2.6 என்று அடித்துவிடுகிறார்கள். ஷில்லிங்குக்கு 12 பென்னி. அந்தத் தொகைக்கான அரை கிரவுன் நாணயம் எட்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு, ஷில்லிங்கில் 2.5 என்று அடித்தால்தான் கூட்டல் சரிவரும். முதலில் பென்னியாக மாற்று, பிறகு கூட்டு.

பழுப்புத்தாள்: எண்ணுவது இருக்கட்டும், தாள் பிழைக்குமா? அந்தக் காலக் கடிதங்களை இரும்புக் குண்டூசியால் கோத்திருப்பார்கள். துரு தாளைத் தின்றுவிடும். ஊசியை வெடுக்கென்று இழுத்தால் துருவோடு தாளும் கிழிந்து வரும். மேலும் கீழும் மெல்லிய பாலியெஸ்டர் படலத் துண்டைச் செருகி, துருவைத் தளர்த்திய பிறகுதான் உருவ வேண்டும். வெள்ளைப் பருத்திக் கையுறை கட்டாயம்.

ஏடுகாவலன்: கையுறையா! பருத்தி போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, நூல் கிழிசலில் மாட்டும். கழுவித் துடைத்த வெறுங்கை போதும். கண்ணாடி நெகட்டிவுக்கும் புகைப்படத்துக்கும் நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை. கிழிசலை ஒட்டும்போது, மை இரும்பு கலந்த பழைய இரும்புக்காடி மையாக இருந்தால் மாவுப் பசையின் ஈரமே எமன்: இரும்பு அயனிகள் நீரோடு பரவி, எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும். ஜெலட்டின் பூசிக் காயவைத்த ஜப்பானிய மெல்லிழைத்தாளை மிகக் குறைந்த ஈரத்தில் ஒட்ட வேண்டும்.

பழுப்புத்தாள்: பெரிய நூலகங்களின் காணொளிகளிலேயே கையுறை போடுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

ஏடுகாவலன்: காணொளி கேமராவுக்காக எடுப்பது.

கற்பலகை: 1885 ஜூலையில் வேதியியல் ஆய்வகத்தில் பிடித்த தீ அபரிஸ்டுவித்தின் வடக்குப் பகுதியை நாசமாக்கியது. மூன்று பேர் உயிரும் போனது. அதற்கு முந்தைய பொக்கிஷம் என்று பேசும்போது இதை ஏன் யாரும் எடுப்பதில்லை?

ஏடுகாவலன்: தீயைப் பற்றித் தனித் திரி தொடங்குங்கள். இங்கே என் கேள்வி ஒன்றுதான், மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்: 10,000 பவுண்டுக்கு வாங்கியது 1867இல். அதற்கு முந்தைய தேதியிட்ட பென்னிப் பட்டியல் ஒன்றின் படத்தைப் போடுங்கள்.

சிறுதுளி: பொருளாளர் டேவிட் டேவிஸ் மாதிரி நிலக்கரி முதலாளிகளின் காசோலைதான் உங்களுக்குப் பொக்கிஷம் என்றால் நான் பேச என்ன இருக்கிறது?

ஏடுகாவலன்: காசோலையிலும் தேதி இருக்கும். பட்டியல் எங்கே?

பழுப்புத்தாள்: கையுறை விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.