அச்சகத்துக்குச் செலவு குறைந்த பொதுச் சேமிப்பகம்: பழைய கணினி போதுமா?

டவுன் அச்சகம் (கேள்வி):
திருநெல்வேலி டவுனில் திருமண அழைப்பிதழும் ஆல்பமும் வடிவமைத்து அச்சிடும் சிறிய அச்சகம் எங்களுடையது. ஐந்து கணினிகள் உள்ளன. ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் கோப்புகளை வைத்துக்கொண்டு பென்டிரைவில் கைமாற்றுவதால், பிழைதிருத்திய அழைப்பிதழ் எது, திருத்தாதது எது என்று முகூர்த்த மாதங்களில் தேடுவதே ஒரு வேலையாகிவிடுகிறது. சேர்ந்த கோப்புகள் ஏறத்தாழ 2 டெராபைட் இருக்கும். ஐ3 செயலியும் 8 ஜிபி ராமும் கொண்ட பழைய கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. 30,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். இதைக் கொண்டே நாஸ் (எல்லாக் கணினிகளும் வலையமைப்பு வழியே பகிரும் பொதுச் சேமிப்பகம்) அமைக்கலாமா, இரண்டு வட்டு கொள்ளும் ஆயத்தப் பெட்டியை வாங்குவதா?

பேட்டை வலையமைப்பு:
அண்ணாச்சி, அந்தக் கணினியே தாராளமாகப் போதும். ஆயத்தப் பெட்டிகள் பெரும்பாலும் வட்டு இல்லாமலே விற்கப்படுகின்றன. பெட்டிக்கே பணம் கரைந்தால் வட்டு வாங்கும்போது கையைச் சுருக்க வேண்டிவரும். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருளை ஒரு சிறிய எஸ்எஸ்டியில் நிறுவி, 4 டெராபைட் வட்டுகள் இரண்டை ரெய்டு 1 முறையில் (ஒரே தரவு இரண்டு வட்டிலும் பதியும்) இணையுங்கள். தரவைப் பல வட்டுகளில் பிரித்து வைக்கும் ரெய்டு 5க்குக் குறைந்தது மூன்று வட்டுகள் வேண்டும். உங்கள் அளவுக்கு அது வீண்.

வட்டு சிஎம்ஆர் வகையா (பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாதது) என்று பார்த்து வாங்குங்கள். எஸ்எம்ஆர் வட்டில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படிந்திருப்பதால், பழுதான வட்டை மாற்றிப் புதியதில் தரவை நிரப்பும் வேளையில் வேகம் படுத்துவிடும். நாஸுக்கென விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வட்டுகளில் சில எஸ்எம்ஆர் என்பது 2020இல்தான் வெளியே தெரிந்தது. அதன் பிறகே சிஎம்ஆர் வகைக்கு ரெட் பிளஸ் என்ற தனிப்பெயர் வந்தது.

பலரும் கவனிக்காதது கணினிகளைக் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச். 100 எம்பிபிஎஸ் சுவிட்சில் 2 ஜிபி ஆல்பம் ஒன்று வந்துசேர மூன்று நிமிடம் ஆகும். கிகாபிட் சுவிட்சில் இருபது நொடியே. நான்கு கம்பி மட்டும் இணைத்த பழைய கேபிள் இருந்தால் கிகாபிட் சுவிட்சும் 100க்கு இறங்கிவிடும். மின்செலவு பெரிதில்லை: சராசரியாக 40 வாட் இழுத்தால், இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு 29 யூனிட்தான்.

கல்லிடைக்குறிச்சி லினக்ஸ்:
மேலே சொன்னதில் ஒன்றே ஒன்றில் மாறுபடுகிறேன். 8 ஜிபி ராம் இருப்பதால் ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளைப் போட்டு, இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் மிரராகவே (இரண்டு வட்டிலும் ஒரே தரவு) அமைக்கலாம். அதில் மணிக்கொரு ஸ்னாப்ஷாட் (அந்நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் பதிவு) எடுக்கும்படி வைத்துவிட்டால், யாராவது பழைய கோப்பைப் புதியதன் மேல் சேமித்துவிட்டாலும் முந்தைய நிலையை மீட்கலாம்; உங்கள் உண்மையான தொல்லைக்கு மருந்து அதுதான். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் கொடுங்கள். கட்டிங் பிளாட்டருக்காக (வெட்டும் இயந்திரம்) பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஏதேனும் வைத்திருந்தால், அதற்காக எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையைத் திறந்துவிடாதீர்கள். 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறித்த வான்னக்ரை தீநிரல் பரவியது அந்த வழியில்தான். அந்த ஒரு கணினிக்குப் பென்டிரைவே தொடரட்டும்.

வண்ணார்பேட்டை கணக்கர்:
இரண்டு வட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்வரை அது காப்புப் பிரதி ஆகாது. ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். ஸ்னாப்ஷாட்டும் அந்த வட்டுகளில்தான் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி ஜங்ஷனிலும் எங்கள் பக்கத்திலும் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஆகவே யுஎஸ்பி வட்டு இரண்டு வாங்கி, வாரந்தோறும் ஒன்றில் நகல் எடுத்து வீட்டு மாடியில் வையுங்கள். மறுவாரம் மற்றதை மாற்றிக்கொள்ளுங்கள். நாஸையும் தரையில் வைக்காமல் பரண் உயரத்தில் ஏற்றிவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருப்பதால் யுபிஎஸ் வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் கணினி அணைந்து எழக்கூடும். மேலும் பேட்டரி தீரப்போவதைக் கணினிக்கு அது சொல்லாது. யுஎஸ்பி இணைப்புள்ள யுபிஎஸ் இருந்தால், மின்சாரம் திரும்பாதபோது நாஸ் தானே முறையாக அணைந்துகொள்ளும்.

டவுன் அச்சகம்:
அனைவருக்கும் நன்றி. யுபிஎஸ்ஸையும் யுஎஸ்பி வட்டுகளையும் சேர்த்தால் 30,000 தாண்டும் போலிருக்கிறது. எதைத் தள்ளிப்போடலாம்?

வண்ணார்பேட்டை கணக்கர்:
மிரரின் இரண்டாவது வட்டைத் தள்ளிப்போடுங்கள். ஒற்றை வட்டோடு தொடங்கி, பின்னர் இன்னொன்றை இணைத்து மிரராக்க இசட்எஃப்எஸ் இடம் தரும். அதுவரை வாரநகலைத் தினநகலாக எடுங்கள். வெளியே இருக்கும் நகலை மட்டும் எக்காரணத்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.