புதுப்பிப்பு: மங்கா அரட்டையும் வீட்டுப்பாடமும்

மங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் இணைய நண்பர்கள் குழுவில் யாருமே வீட்டுப்பாடத்தை முடிப்பதில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை.

பலர் சொன்ன பொமோடோரோ முறையைத்தான் எடுத்துக்கொண்டோம்: 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் இடைவெளி. வாராந்திர மங்காவின் ஒரு அத்தியாயம் பெரும்பாலும் 20 பக்கத்தை ஒட்டித்தான் வரும், அதைப் படிக்க அந்த இடைவெளியே போதும். ஆனால் நேரத்தை விழுங்குவது வாசிப்பு இல்லை, அதற்குப் பின் வரும் விவாதம்! அந்த வில்லன் ஏன் திரும்பி வந்தான் என்று ஒருவர் கேட்டால் போதும், மாலை முழுக்க ஓடிவிடும். அதனால் விவாதத்தை மட்டும் எல்லோரும் வீட்டுப்பாடம் முடித்த பிறகு வைத்துக்கொள்கிறோம். காத்திருப்பதால் பேச்சும் ஆழமாகிவிட்டது, பக்கத்தில் படக் கட்டங்களை அமைத்திருக்கும் விதம் வரைக்கும் அலசுகிறோம்.

அப்புறம், கணக்கில் சிக்கினால் அதே குழுவில் கேட்கலாம். விடையைச் சொல்லாமல் அடுத்த படியை மட்டும் சொல்கிறோம். கதையின் முடிவை உடைக்கக் கூடாது என்பதில் ஏற்கெனவே கறாரான கூட்டம், இதுவும் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

தேர்வு நேரத்துக்கு என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். யோசனை இருந்தால் சொல்லுங்கள்.