ஸ்பேசர் வால்வு அசையவே மாட்டேங்குது, மருந்து உள்ளே போகுதா?

தூறல்22:
குழந்தைக்கு 14 மாதம், 10 கிலோ. வீசிங்குக்கு சால்பூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் மாட்டும், வால்வு உள்ள குழாய்) வைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்பேசரோடு வந்த மாஸ்க்கின் ஓரம் கிழிந்துவிட்டது. வீட்டில் இருந்த நெபுலைசர் (திரவ மருந்தைப் பனிமூட்டமாக்கும் கருவி) மாஸ்க்கை மாட்டினேன், கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பஃப் அழுத்தினால் வெள்ளைப் புகை குழாய்க்குள்ளேயே நிற்கிறது, வால்வு அசையவில்லை. உள்சுவரில் வெள்ளையாகப் படிகிறது. மாஸ்க்கைக் கண்டாலே வீறிட்டு அழுகிறான். தூங்கும்போது கொடுத்துவிடலாமா?

வால்வுமூடி:
வால்வு நன்றாகத்தான் இருக்கும். மாஸ்க்தான் தப்பு.

நெபுலைசர் மாஸ்க்கில் மூக்குக்கு இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். அது வேண்டுமென்றே வைத்தது. நெபுலைசருக்குள் நிமிடத்துக்கு 6–8 லிட்டர் காற்று போய்க்கொண்டே இருக்கும். அந்தக் காற்றும் குழந்தை விடும் மூச்சும் வெளியேற வழி வேண்டும். ஸ்பேசரில் தள்ளிவிட ஆளே கிடையாது. குழந்தை இழுத்தால்தான் வால்வு திறக்கும். பக்கத்தில் ஓட்டை இருந்தால் மூச்சு அந்தச் சுலபமான வழியாகவே வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும், வால்வைத் தொடவே தொடாது. மருந்து குழாயில் மிதந்து, சுவரில் ஒட்டி வீணாகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் படிவில் பாதிக் கதை அதுதான்.

இணைப்பு வாய் பலவற்றில் 22 மி.மீ. என்பதால் மாட்ட முடிகிறது. மாட்ட முடிவதெல்லாம் வேலை செய்யாது.

டேப் போட்டு ஓட்டையை அடைக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஸ்பேசர் மாஸ்க்கில் மூச்சு வெளியேற ஒரு தனி வால்வு இருக்கும், சிறிய சிலிக்கான் இதழ். நெபுலைசர் மாஸ்க்கில் அது இல்லை. அடைத்தால் விட்ட மூச்சையே குழந்தை திரும்ப இழுக்கும். உங்கள் ஸ்பேசர் மாடலுக்கான மாஸ்க்கைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

மருந்துப்பெட்டி:
அளவு பற்றி ஒரு வார்த்தை. மாஸ்க்கின் மேல் விளிம்பு மூக்கின் மேட்டில், கீழ் விளிம்பு உதட்டுக்கும் தாடை நுனிக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். கண்ணைத் தொட்டால் பெரிது. வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்காதீர்கள். 10 கிலோ குழந்தை ஒரு மூச்சில் இழுப்பது சுமார் 60–80 மி.லி.தான். ஒவ்வொரு மூச்சிலும் முதலில் மாஸ்க்குக்குள் தேங்கிய காற்று போகும், அதற்குப் பிறகுதான் மருந்து. மாஸ்க் பெரிதானால் மூச்சு அதிலேயே செலவாகிவிடும்.

குழாயின் கொள்ளளவு 150 மி.லி. அளவில் இருந்தால், கணக்குப்படி இரண்டு மூன்று மூச்சில் காலியாக வேண்டும். தேக்கமும் கசிவும் சேர்வதால்தான் 5–6 மூச்சு என்கிறோம். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், வால்வு மீன் செவுள் மாதிரி திறந்து மூடுவதை எண்ணுங்கள்.

சுவரில் படிவதற்கு இன்னொரு காரணம் நிலைமின்சாரம். சாதாரண பிளாஸ்டிக் குழாயைத் துணியால் துடைத்தால் மின்னூட்டம் ஏறி, மருந்துத் துகளை இழுத்து ஒட்டவைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு 15 நிமிடம் ஊறவிடுங்கள். எடுத்து, அலசாமல் உதறி, நிமிர்த்தி வைத்துத் தானாகக் காயவிடுங்கள். உள்பக்கம் துடைக்கவே கூடாது. புதிதாக வாங்கியதையும் முதல்முறை இப்படிக் கழுவித்தான் பயன்படுத்த வேண்டும்.

இரவுப்பணி:
அலசாமல் விட்டால் சோப்பு மாஸ்க்கிலும் தங்கி முகத்தில் சிவப்புத் தட்டும். மாஸ்க்கைத் தனியே கழற்றி நல்ல தண்ணீரில் அலசிவிடலாம், குழாயை மட்டும் அலசாமல் விடுங்கள். ஸ்பேசரோடு வந்த துண்டுச்சீட்டில் வேறு மாதிரி போட்டிருந்தால் அதன்படி.

அழுகையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அழும் குழந்தை நீளமாக மூச்சை விட்டு, வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுக்கும். அந்த வேகத்தில் துகள்கள் தொண்டையில் மோதி, விழுங்கப்பட்டு வயிற்றுக்குத்தான் போகும். "அழுதால் ஆழமா இழுக்கும், நல்லது" என்பது சுத்தப் பிழை. மாஸ்க்கை ஒரு விரல்கடை தள்ளிப் பிடிப்பதும் அப்படித்தான். ஸ்பேசரில் அது அறவே பயன்படாது, நெபுலைசரிலும் மருந்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும்.

தூக்கத்தில் கொடுப்பதை நம்பாதீர்கள். பெரும்பாலும் மாஸ்க் பட்டதும் முழித்துவிடும், அப்புறம் தூங்கப் போவதற்கே பயப்படும். பகலில் மருந்தில்லாமல் மாஸ்க்கை விளையாடக் கொடுங்கள், பொம்மைக்கு மாட்டட்டும். கொடுக்கும் நேரத்தில் மடியில், முதுகு உங்கள் நெஞ்சில் சாய உட்காரவையுங்கள். சூப்பான் இருந்தால் எடுத்துவிடுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கிச் செருகி, மாஸ்க்கை முதலில் தாடையில் பதித்து அப்படியே மூக்கு வரை மேலே உருட்டுங்கள். வால்வு இரண்டு தடவை ஆடியதைப் பார்த்த பிறகு அழுத்துங்கள். முதலில் அழுத்திவிட்டு மாஸ்க்கைத் தேடினால் அதற்குள் மருந்து படிந்துவிடும். ஒரு தடவைக்கு ஒரே பஃப். இரண்டாவதுக்கு முன் அரை நிமிடமாவது விட்டு, மறுபடி குலுக்குங்கள்.

தூறல்22:
சரியான மாஸ்க் கிடைத்துவிட்டது. வால்வு ஆடுகிறது! ஆனால் அழுத்தியதும் நின்றுபோய், சில விநாடி கழித்துத்தான் மறுபடி ஆடுகிறது. கசிவா?

வால்வுமூடி:
கசிவு இல்லை. பஃப் சத்தத்துக்குத் திடுக்கிட்டு மூச்சைப் பிடிக்கிறான். அசையாமல் காத்திருங்கள், அவன் மூச்சு எடுக்காமல் இருக்க முடியாது. பயந்து மாஸ்க்கை எடுத்தால்தான் அந்தப் பஃப் வீண். கசிவு என்றால் வால்வு பஃபுக்கு முன்பே மந்தமாக இருக்கும். மூக்கின் இரு பக்கத்தையும் முதலில் பாருங்கள், எப்போதும் அங்கேதான் வாய் பிளக்கும்.

மருந்துப்பெட்டி:
இன்ஹேலர் டப்பா தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு பீய்ச்சும், கையில் ஆட்டும்போதும் நிறைவாகவே தோன்றும். மீதிப் பஃப் எண்ணிக்கையைக் காட்டும் கவுன்டர் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் டப்பாவில் போட்ட எண்ணிக்கையிலிருந்து கழித்து எழுதி வையுங்கள்.

ஸ்டீராய்டு இன்ஹேலரும் இதே மாஸ்க்கில் கொடுத்தால், முடிந்ததும் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெண்புண் வரலாம்.

இரவுப்பணி:
விலா எலும்புக்கு இடையில் சதை உள்ளிழுத்தால், பால் குடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலமானால், மாஸ்க்கைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்கு. ஸ்பேசரையும் இன்ஹேலரையும் கையோடு கொண்டுபோங்கள், கடைசியாக எத்தனை பஃப், எத்தனை மணிக்கு என்று குறித்து வைத்திருங்கள்.

தூறல்22:
இன்று காலை ஆறு எண்ணினேன், ஆறும் ஆடியது. அழவில்லை, மாஸ்க்கின் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தான்.

வால்வுமூடி:
நக்கட்டும். பல் முளைத்திருந்தால் கடிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய மாஸ்க் அப்படித்தான் கிழிந்திருக்கும்.