ராத்திரி மழை பெய்தால் அப்பா வீட்டுக்குள்ளேயே நடக்கிறார், நடக்க விடலாமா?

அல்சூர்வாசி:

வணக்கம். பெங்களூர்த் தமிழர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

அப்பாவுக்கு 61 வயது. பூர்வீகம் பந்தலூர்ப் பக்கம், ஆனால் வேலை பார்த்ததெல்லாம் வயநாட்டில், முண்டக்கைப் பக்கத்து எஸ்டேட்டில். 2024 ஜூலை 30 அன்று நள்ளிரவு தாண்டி நிலச்சரிவில் மலையே இறங்கியபோது லயத்தில்தான் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) இருந்தார். மேட்டுப் பக்கமாக ஓடியதால் தப்பித்தார். பக்கத்து லயத்தில் இருந்த சித்தப்பா குடும்பம் தப்பவில்லை. அந்த ராத்திரியைப் பற்றி இதற்கு மேல் அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மேப்பாடி முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் ஒரு வாடகை வீடு, கடைசியில் நானே போய் அல்சூருக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

நாற்பது வருஷம் காலையில் ஏற்றம், சாயங்காலம் இறக்கம் என்று நடந்தே வாழ்ந்த மனுஷன். இங்கே வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், டிவி ஓடாமலேயே. கிளினிக் டாக்டர் சுகர், பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு, "வாக்கிங் கூட்டிட்டுப் போங்க, மனசும் லேசாகும்" என்றார். பேரிடரில் தப்பித்தவர்களில் நடக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மன அழுத்தம் குறைவு என்று நானும் எங்கேயோ படித்திருந்தேன். சரி என்று ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். முதல் நாள் கால் சுற்று நடந்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் தூறல் போட்டது, விறுவிறுவென்று திரும்பி நடந்தவர் வீட்டு வாசலில் நின்று கேட்டார், "தண்ணி ஓரமா எதுக்குடா என்னையக் கூட்டிட்டுப் போற?" இரண்டு நாளாக இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

இப்போது பிரச்சினை வேறு. ராத்திரி மழை சத்தம் கேட்டால் எழுந்து வாசல் கதவிலிருந்து சமையலறை வரை நடக்கிறார். போய் வருவார், போய் வருவார். நடுநடுவே சிங்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து மோந்து பார்க்கிறார். அடி எண்ணுகிற வாட்ச் ஒன்று வாங்கிக் கட்டிவிட்டிருந்தேன். போன வாரம் ஒரு நாள் பகல் முழுக்க 600 அடி, ராத்திரி 2 மணியிலிருந்து 4 மணிக்குள் 3,400. நடக்கிறாரே என்று சந்தோஷப்படுவதா, படுக்க வைப்பதா? மனைவி கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைக்கலாம் என்கிறாள். எனக்கு மனசு வரவில்லை.

ஜெயநகர் ஓட்டக்காரன்:

நண்பரே, தினம் பத்தாயிரம் அடி என்று இலக்கு வையுங்கள். காலை 6 மணிக்குக் கப்பன் பார்க். உடம்பு களைத்தால் ராத்திரி தூக்கம் தானாக வரும். எனக்கு வேலை போனபோது ஓட்டம்தான் காப்பாற்றியது.

பழைய களப்பணியாளர்:

ஓட்டக்காரரே, நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் வேலை போனதும் மலை இறங்கியதும் ஒன்றில்லை. அந்தப் பத்தாயிரமும் டாக்டர்கள் சொன்ன கணக்கு இல்லை. 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு வைத்த வியாபாரப் பெயர் அது.

அல்சூர்வாசி, சுனாமிக்கு அப்புறம் நாகைப் பக்கம் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். அப்போது பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்காரர்கள் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள், அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன். டாக்டர் கிடையாது, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நடைக்கும் மனசுக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பேசும் ஆய்வுகளில் பல 2011 மார்ச் 11 நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் வந்தவை. அங்கே மன அழுத்தத்தை அளக்க ஆறே கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தருவார்கள். கடந்த 30 நாளில் எவ்வளவு தடவை பதற்றமாக இருந்தது, நம்பிக்கை விட்டுப்போனது, இருப்புக்கொள்ளாமல் இருந்தது, எதுவுமே மனசைத் தேற்றாத அளவுக்குச் சோர்வாக இருந்தது, எல்லாமே பெரும்பாடாகத் தெரிந்தது, ஒன்றுக்கும் லாயக்கில்லை என்று தோன்றியது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 24. அதில் 13-ஐத் தொட்டாலே நிலைமை கடுமை என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவது கேள்வியைப் பாருங்கள், இருப்புக்கொள்ளாமை. உங்கள் அப்பாவின் ராத்திரி 3,400 அடி வாட்சில் நடையாக ஏறுகிறது, அந்தத் தாளில் நோயின் பக்கம் ஏறும். அவர் செய்வது வாக்கிங் இல்லை தம்பி, காவல். வயநாட்டில் அன்று ராத்திரி மண் வாடை அடித்ததாகத் தப்பித்தவர்கள் பலர் சொன்னார்கள். குழாய்த் தண்ணீரை அவர் ஏன் மோந்து பார்க்கிறார் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

இன்னொன்று, நடக்கிறவர்களுக்கு அழுத்தம் குறைவு என்று ஒரு கணக்கெடுப்பு சொன்னால், நடந்ததால் குறைந்ததா, அழுத்தம் குறைவாக இருந்ததால் நடக்க முடிந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை என்பது என் அனுபவம். மினமிசன்ரிக்கு என்ற கடலோர ஊரில், அதுவரை நன்றாக நடந்துகொண்டிருந்த முதியவர்கள் தற்காலிக வீடுகளுக்குப் போனபின் நடை தளர்ந்துபோனார்கள். காலில் அடிபட்டு அல்ல. வயல் போயிற்று, படகு போயிற்று, காலையில் எழுந்து போக ஒரு இடமில்லை. ஊரே துக்கத்தில் இருக்கும்போது நான் மட்டும் உலாவப் போவதா என்ற கூச்சம் வேறு. வேலையற்று உடம்பு ஓய்ந்துபோகிற இந்த நிலைக்கு அந்த ஊர் மொழியில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு நடக்கத் தெரியாமல் இல்லை, போவதற்கு இடம் இல்லை.

கதவைப் பூட்டாதீர்கள். தப்பித்து ஓடி உயிர் பிழைத்தவருக்குப் பூட்டின கதவு என்றால் என்ன என்று யோசியுங்கள். விளக்கைப் போட்டு, கூட உட்காருங்கள், அவ்வளவுதான். ஆனால் நடையே மருந்து என்று இருந்துவிடவும் வேண்டாம். இத்தனை மாதம் கழித்தும் தூக்கம் இப்படி என்றால் மனநல மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். நீங்கள் இருப்பது பெங்களூரில், நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டில் இருக்கிறது. அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416. ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால்கூட நாள் பார்க்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.

அக்கரைப்பேட்டை மகள்:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அலுவலகத்தில் உட்கார முடியவில்லை, மாடிக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். நான் இப்போது கே.ஆர்.புரத்தில் இருக்கிறேன், ஊர் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை. 2004 டிசம்பர் 26-ல் எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

அம்மா மீன் விற்கிறவர். விடியுமுன் ஏலத்துக்குப் போய், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். எத்தனை கிலோமீட்டர் என்று யார் அளந்தது? சுனாமிக்கு அப்புறம் தார் ஷீட் போட்ட கொட்டகையில் மாசக்கணக்காக உட்கார்ந்தே இருந்தார். வெயிலில் அந்த ஷீட் கொதிக்கும், அப்பவும் வெளியே வர மாட்டார். கடல் சத்தம் கேட்காத பக்கமாகத் தலை வைத்துப் படுப்பார். கவுன்சலிங்குக்கு வந்தவர்கள் (களப்பணியாளர் அண்ணன் கோபிக்க வேண்டாம்) மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். அம்மா அவர்களுக்காக இழுத்து விடுவார், போனதும் படுத்துக்கொள்வார்.

அவரை எழுப்பியது பக்கத்துக் கொட்டகை அத்தைதான். ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்கு வந்து, "ஏ, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, ஏலத்துக்குத் துணைக்கு வாடி" என்றார். அத்தைக்குக் கண்ணெல்லாம் நன்றாகவே தெரியும். அம்மா கடற்கரைவரைக்கும் போகவில்லை, ரோட்டு முனையில் நின்றுகொண்டார். அத்தை போய் மீன் எடுத்து வந்ததும் கூடையை இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இப்படியே பல வாரம் போயிற்று. எப்போது ரோட்டு முனையைத் தாண்டி மணலில் கால் வைத்தார் என்று எனக்கே தெரியாது, யாரும் கைதட்டவும் இல்லை.

அதனால் வாக்கிங் என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். உழைத்த மனுஷருக்கு "சும்மா நடந்துவிட்டு வா" என்பது வேலையில்லாதவன் என்று சொல்வது மாதிரி. ஒரு வேலை சொல்லுங்கள். பொய் வேலை வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் உண்மையிலேயே செய்ய முடியாமல் விட்டுக்கொண்டிருக்கிற ஒன்றைக் கொடுங்கள். வாட்சையும் கழற்றிவிடுங்கள், ராத்திரி எத்தனை அடி நடந்தார் என்று மகன் கணக்குப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

பழைய களப்பணியாளர்:

கோபமே இல்லை அம்மா, மூச்சு இழுக்கச் சொன்னவர்களில் நானும்தான் இருந்திருப்பேன். அந்த அத்தை செய்ததைத்தான் பெரிய அளவில் ஜப்பானில் இவனுமா என்ற ஊரில் செய்தார்கள். 1995 கோபே நிலநடுக்கத்தில் தற்காலிக வீடுகளைக் குலுக்கல் போட்டு, முதியவர்களுக்கு முன்னுரிமை என்று கொடுத்தார்கள். நியாயமாகத்தான் தெரிந்தது, ஆனால் பழைய அக்கம்பக்கம் சிதறி, தனியாகச் செத்து நாள் கழித்துத் தெரியவந்தவர்கள் பலர். 2011-ல் இவனுமாவில் ஒரு கிராமத்து ஆட்களைச் சேர்த்தே குடியமர்த்தினார்கள். பின்னால் போய்ப் பார்த்தபோது சேர்ந்து போனவர்களிடம் போக்குவரத்தும் பேச்சும் கூடியிருந்தது, தனித்தனியாகப் போனவர்களிடம் குறைந்திருந்தது. அல்சூர்வாசியின் அப்பா தனியாக வந்தவர், அங்கேதான் சிக்கல்.

அல்சூர்வாசி:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். எல்லோருக்கும் நன்றி.

வாட்சைக் கழற்றிவிட்டேன். நிம்ஹான்ஸ் போய் வந்தோம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அது தனிக் கதை.

வேலை விஷயம். நாங்கள் வாங்குகிற டீத்தூள் சரியில்லை என்று வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார், நான் காதில் வாங்கியதில்லை. "நீங்களே பார்த்து வாங்குங்கப்பா" என்று காசைக் கொடுத்தேன். அல்சூர் மார்க்கெட் முழுக்க நடந்திருக்கிறார், ஒவ்வொரு கடையிலும் தூளை உள்ளங்கையில் கொட்டி, விரலால் தேய்த்து, ஊதிப் பார்த்து. கடைக்காரர்கள் திட்டாமல் இருந்தது ஆச்சரியம். அல்சூரில் தமிழுக்குப் பஞ்சமில்லை என்பதும் ஒரு காரணம். நாலாம் நாள் ஒரு டீக்கடையில் மேல்தளத்து வீட்டுப் பெரியவரோடு பேச்சு வந்திருக்கிறது. அவர் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்தான் சொல்லியிருக்கிறார், முண்டக்கைக்குப் போகிற வழியில் சூரல்மலையில் பாலம் அடித்துக்கொண்டு போனபின் 190 அடிக்குப் பெய்லி பாலம் (இரும்புத் துண்டுகளைப் பொருத்திப் போடுகிற பாலம்) போட்டது எங்கள் ஆட்கள்தான், அவர்களுடைய மையம் இதோ இந்த ஏரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று.

அப்பாவுக்கு இது அதுவரை தெரியாது. ஆகஸ்ட் 1 சாயங்காலம் அந்தப் பாலம் முடிந்தது, அதற்கப்புறம் அந்தப் பாலத்தைத் தாண்டிப் போய்த்தான் சித்தப்பாவைத் தேடியிருக்கிறார். எனக்கும் இது இப்போதுதான் தெரியும். இப்போது தினமும் காலையில் இரண்டு பேரும் அந்த கேட்வரை நடந்து போய்த் திரும்புகிறார்கள். ஏரிப்பக்கம் இல்லை, எதிர்ச்சாரி நடைபாதையில். அந்த நடைபாதையைப் பற்றித் தெரியும்தானே, ஒரு ஸ்லாப் இருந்தால் அடுத்தது இருக்காது, இருந்தாலும் அதன் மேல் பைக் நிற்கும். அப்பா அதைத் திட்டிக்கொண்டே நடக்கிறாராம். திட்டுகிறார் என்று கேட்டு மனைவிக்கு அவ்வளவு சந்தோஷம்.

ராத்திரி நடை நிற்கவில்லை. போன செவ்வாய் நல்ல மழை. எழுந்தார், நானும் எழுந்து விளக்கைப் போட்டேன். குழாயைத் திறந்து மோந்தார். கையை நீட்டி எனக்கும் பிடித்துத் தரச் சொன்னேன். "குளோரின் வாடைதான்பா வருது" என்றேன். இன்னொரு தடவை மோந்து பார்த்துவிட்டு, "ஆமா, மருந்து வாடைதான்" என்றார். அன்று மூன்று மணிக்குப் படுத்துவிட்டார். நேற்று முந்தினநாள் மறுபடி நாலரை வரை நடந்தார். இப்படித்தான் போகிறது.

ஒரு கேள்வி மட்டும். ஜூலை 30-க்குப் புத்துமலை போக வேண்டும் என்கிறார், அங்கேதான் பலரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள், சித்தப்பா உட்பட. இருக்கிற நிலையில் கூட்டிப் போகலாமா?

அக்கரைப்பேட்டை மகள்:

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். நாங்கள் ஒவ்வொரு டிசம்பர் 26-க்கும் போகிறோம், அம்மா பால் ஊற்றிவிட்டு வருவார். அந்தப் பெரியவரையும் வருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்த மாசம் அங்கே மழை விடாது, இறங்குகிற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி அங்கே தங்க வேண்டாம், சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிவிடுங்கள்.