வெயில் ஊரில் ஒன்று, குளிர் ஊரில் ஒன்று: வண்டிக்கு என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள்?

வேலூர், 125 சிசி பைக்

என் சித்தப்பா மகன் வேலூரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். மாலையில் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன். கத்திரி வெயில் ஆரம்பித்தால் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வெயிலுக்குக் கெட்டி ஆயிலா ஊத்தலாமா?" என்பதுதான். கேள்வி சரியானதுதான். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை, அந்த ஆயில் என் வண்டியின் கிளட்ச்சுக்கு ஒத்துவருமா என்பதை, யாரும் கேட்பதே இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன கோடையில் ஒரு தம்பி பைக்கைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்தான். ஏலகிரி ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலேட்டர் முறுக்கினால் இன்ஜின் கத்துகிறதாம், வண்டி மட்டும் நகரவில்லையாம். கிளட்ச் கேபிள் சரியாக இருந்தது. என்ன ஆயில் என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. காருக்கான 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் (இந்த எண்களின் அர்த்தம் கீழே சொல்கிறேன்). விலை அதிகம் என்பதால் நல்லது என்று நினைத்து ஆசையாக வாங்கி ஊற்றியிருக்கிறான்.

காரில் கிளட்ச் தனியாக, ஆயில் படாமல் இருக்கிறது. கியர் பைக்கில் கிளட்ச் பிளேட், கியர், பிஸ்டன் மூன்றுக்கும் ஒரே ஆயில். பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்பதற்காக 20, 30 கிரேடு (கடைசி எண் 20, 30 என்று வரும்) கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கிறார்கள். அந்த வழுக்கல் இன்ஜினுக்கு நல்லது, கிளட்ச் பிளேட்டுக்கு எமன். இந்தச் சிக்கல் பெருகியதால்தான் ஜப்பானில் 1990-களின் கடைசியில் பைக் ஆயிலுக்கென்றே ஜாசோ தரம் கொண்டுவந்தார்கள். டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், எம்ஏ, எம்ஏ2, எம்பி என்று ஏதாவது ஒன்று இருக்கும். கியர் பைக்குக்கு எம்ஏ அல்லது எம்ஏ2. ஆக்டிவா மாதிரி கியரில்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் உலர்ந்தது, ஆயில் படாது, அதனால் அதற்கு எம்பி. ஸ்கூட்டரில் எம்ஏ ஊற்றினால் மைலேஜ் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். கியர் பைக்கில் எம்பி ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

அந்தத் தம்பி வண்டியில் ஆயிலை இறக்கி, சரியான எம்ஏ2 ஊற்றி, கொஞ்சம் ஓட்டிவிட்டு அதையும் இறக்கி மறுபடி புதிது ஊற்றினோம். பிளேட் கருகவில்லை, தப்பித்தான். கருகியிருந்தால் பிளேட் செட் மாற்றித்தான் ஆக வேண்டும்.

சரி, வெயில் விஷயம். டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதைப் பற்றியது. பின்னால் வருவது இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது, அதை 100 டிகிரியில் அளக்கிறார்கள். அதனால் 10டபிள்யூ-40-உம் 20டபிள்யூ-40-உம் சூட்டில் ஒரே வரம்புக்குள்தான் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் விடியற்காலையில்கூட உறைபனி கிடையாது, ஆகவே முதல் எண்ணை வைத்து இங்கே சண்டை போடுவதில் அர்த்தமில்லை. இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் காற்றில் குளிரும் இன்ஜினுக்கு. வண்டி ஓடினால்தான் அதற்குக் காற்று. காட்பாடி சிக்னலில் மே மாதம் நின்றால் இன்ஜின் சூடு ஏறிக்கொண்டே போகும், ஆயில் இளகிக்கொண்டே போகும். சில வண்டிகளின் மேனுவலில் வெளி வெப்பநிலைக்குத் தகுந்த மாதிரி இரண்டு மூன்று கிரேடு போட்ட அட்டவணை இருக்கும். அப்படி இருந்தால் கோடையில் அதிலுள்ள கெட்டி கிரேடைத் தாராளமாகப் போடலாம். இல்லாவிட்டால் கம்பெனி சொன்னதையே போட்டு, கோடையில் கொஞ்சம் சீக்கிரம் மாற்றிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

நாமக்கல், லாரி

அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் பக்கம் கதை வேறு. நாமக்கல்லில் லோடு ஏற்றினால் நாக்பூர் வெயிலையும் பார்க்கணும், ஜனவரியில் பஞ்சாப் பனியையும் பார்க்கணும். பழைய வண்டி எல்லாவற்றுக்கும் 15டபிள்யூ-40, சிஐ-4தான் (சிஐ-4 என்பது டீசல் ஆயிலின் தரக் குறியீடு). அந்த 15டபிள்யூ மைனஸ் 20 டிகிரியிலும் இன்ஜினைச் சுற்ற விட வேண்டும் என்பது கணக்கு, அதனால் வடக்கே போனாலும் பயமில்லை.

புதிதாக லாரி வாங்கியவர்கள் ஆயில் மாற்றின கொஞ்ச நாளிலேயே கறுத்துவிட்டது, டூப்ளிகேட் போலிருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுக்கத்தான் செய்யும். கரியைப் பிடித்துத் தன்னிடம் மிதக்க வைப்பதுதான் அதன் வேலை. கறுக்காமல் இருந்தால்தான் கரி உள்ளேயே எங்கோ படிகிறதோ என்று யோசிக்கணும்.

ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி செய்த) டீசல் வண்டிகளில் சைலன்ஸர் பக்கம் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைவான ஆயில் வேண்டும், மேனுவலில் தெளிவாகப் போட்டிருப்பார்கள். பழைய லாரிக்கு வாங்கின பேரல் ஷெட்டில் இருக்கிறதே என்று அதிலிருந்து எடுத்து ஊற்றினால், ஆயில் எரிந்த சாம்பல் வடிகட்டியில் அடைந்துகொள்ளும். கரி எரிந்து போகும், சாம்பல் எரியாது. வடிகட்டியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இன்னொன்று, டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைந்தால் மட்டும் பதறாதீர்கள், ஏறியிருந்தாலும் பதறுங்கள். வடிகட்டியைச் சூடாக்கிக் கரியை எரிக்க வண்டியே கூடுதல் டீசல் அடிக்கும். அதில் கொஞ்சம் சம்ப்புக்குள் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டிக்குள்) இறங்கும். டீசல் கலந்த ஆயில் தண்ணியாகிவிடும், டப்பாவில் 40 என்று போட்டிருந்ததற்கு அப்புறம் மதிப்பே இல்லை.

நுவரெலியா, ஓட்டோ

இங்கே மலை, கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும். அப்படியிருந்தும் குளிரால் ஒயில் இறுகி வண்டி நின்றதை நான் பார்த்ததில்லை. எங்களுக்குப் பிரச்சினை ஈரம்.

பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒருவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து நிறுத்திவிடுவார், பின்னேரம் திரும்பவும் அதே சின்ன ஓட்டம். ஒருநாள் ஒயில் மூடியைக் கழற்றினால் உள்ளே பால் தேத்தண்ணி நிறத்தில் ஒட்டிக்கிடக்கிறது. பயந்துபோய் எஞ்சினையே கழற்றப் பார்த்தார். எங்கள் மெக்கானிக் ஐயா தடுத்துவிட்டார். எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் நிற்பதால் உள்ளே வியர்க்கிற தண்ணீர் ஆவியாகிப் போக வழியில்லை, ஒயிலோடு கலந்துவிடுகிறது என்றார். ஒயிலை மாற்றி, ஹக்கல பக்கம் நல்ல நீட்டாக ஓட்டிவரச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் படிவு வரவில்லை. தண்ணீரில் குளிரும் எஞ்சின் என்றால் மட்டும் அலட்சியம் வேண்டாம், ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருந்தாலும் இப்படித்தான் தெரியும். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) குறைகிறதா என்று பாருங்கள்.

குறைந்த தூரம் ஓடுகிறவர்கள் கிலோமீற்றரை மட்டும் பார்த்திருக்காமல், மேனுவலில் சொன்ன மாதக் கணக்குக்கும் ஒயில் மாற்ற வேண்டும்.

எட்மன்டன், கனடா

முன்னால் வரும் எண்ணுக்கு உண்மையான பரீட்சை இங்கேதான். மைனஸ் 30 வரும் நாட்கள் உண்டு. கார்களின் முன்புறம் ஒரு பிளக் வயர் தொங்கும், ராத்திரி அதைக் கரண்டில் சொருகி இன்ஜினைச் சூடாக வைத்திருப்போம். பிளாக் ஹீட்டர் என்பார்கள்.

வந்த புதிதில் நண்பன் ஒருவன் பழைய பிக்கப் வாங்கினான். அதில் கோடையில் ஊற்றிய 10டபிள்யூ-30 அப்படியே இருந்தது. 10டபிள்யூவின் சோதனை மைனஸ் 25-உடன் முடிகிறது. அதற்குக் கீழே போன காலையில் ஸ்டார்ட்டர் முனகியது, இன்ஜின் சுற்றவில்லை. 0டபிள்யூவுக்கு அதே சோதனை மைனஸ் 35-இல். மேனுவல் அனுமதித்ததால் 0டபிள்யூ-30-க்கு மாற்றினோம், பிளக்கையும் மறக்காமல் சொருகச் சொன்னோம். ஸ்டார்ட் ஆவது மட்டுமல்ல, முதல் சில நொடிகளில் ஆயில் மேலே ஏறாவிட்டால் இன்ஜின் வறண்டு தேயும்.

சென்னை, பெட்ரோல் கார்

என் காருக்கு 0டபிள்யூ-20 போட்டிருக்கிறது. தெரிந்த மெக்கானிக், "நம்ம ஊர் வெயிலுக்கு இது தண்ணி சார், 20டபிள்யூ-50 ஊத்திடலாம்" என்கிறார். செய்யலாமா?

வேலூர், 125 சிசி பைக்

வேண்டாம் சார். உங்கள் காரில் கூலன்டும் தெர்மோஸ்டாட்டும் இருக்கின்றன. வெளியே 25 டிகிரி இருந்தாலும் 40 இருந்தாலும் இன்ஜின் சூட்டை ஏறக்குறைய ஒரே இடத்தில் அவை பிடித்து வைத்துவிடும். பைக்குக்கு நான் சொன்ன வெயில் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது.

20 கிரேடு ஆயில் 100 டிகிரியில் 6.9-இலிருந்து 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) இருக்கும். 50 கிரேடு 16.3-க்குக் கீழே இறங்கவே கூடாது. இடைவெளி எவ்வளவு பெரிது பாருங்கள். புது இன்ஜின்களில் பேரிங் இடுக்குகள் சிறியவை, வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பும் பல கார்களில் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அவ்வளவு கெட்டியாக ஊற்றினால் காலையில் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். உங்கள் மேனுவலில் மாற்றாக 5டபிள்யூ-30 போட்டிருந்தால் அதுவரை போகலாம். வாரன்டி இருக்கும்வரை பில்லில் கிரேடை எழுதி வாங்குங்கள். காலி டப்பாவைக் கடையில் விட்டு வராமல் ஓட்டை போட்டுக் கொடுங்கள், போலி ஆயில் அடைக்கிறவர்களுக்கு அந்த டப்பாதான் வேண்டும்.