முதல் பாட்டை வெளியிடும் முன் ஒரு புதிய இசைக்குழு எதையெல்லாம் முடித்து வைக்க வேண்டும்?

கேள்வி:
வணக்கம். நாங்கள் நால்வர் சேர்ந்து ஓராண்டாக இசைக்குழு நடத்தி வருகிறோம். சொந்தப் பாட்டுகளில் மூன்றை ஸ்டுடியோவில் பதிவு செய்து முடித்துவிட்டோம். வரிகளும் மெட்டும் எங்கள் பாடகியுடையவை. ஆனால் ஒரு பாட்டை, தொடக்கத்தில் கீபோர்டில் வரும் நான்கு சுரங்களைக் கேட்டவுடனேயே எல்லோரும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள்; அவற்றை அமைத்தவர் கீபோர்டு வாசிக்கும் நண்பர். இணையத்தில் வெளியிடுவதற்கு முன் நாங்கள் செய்ய வேண்டியவற்றை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நண்பரே, அந்த நான்கு சுரங்கள் யாருடையவை என்பதைத்தான் நீங்கள் முதலில் பேசித் தீர்க்க வேண்டும். ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன: வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று, அதை வாசித்துப் பதிவு செய்த மாஸ்டர் மற்றொன்று. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் பதிப்புரிமை, அரசு அலுவலகம் எதிலும் பதிவு செய்யாமலே படைத்தவருக்கு வந்துவிடுகிறது. ஆனால் படைத்தவர் யார், எவ்வளவு என்ற வழக்கு உங்களுக்குள்ளேயே எழுந்தால் கையில் எழுத்து வேண்டும். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள் எடுத்து, வரி எழுதியவர், மெட்டமைத்தவர், கூட்டினால் 100 வரும்படி ஒவ்வொருவரின் விழுக்காடு, மாஸ்டரில் யாருக்கு எவ்வளவு என்பவற்றை எழுதி, தேதியிட்டு, நால்வரும் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு தாங்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் பாட்டுகளைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகக் கணக்கு ஒரே உறுப்பினரின் மின்னஞ்சலில் இருந்தது. அவர் மனத்தாங்கலுடன் விலகியபோது, கணக்கைத் திறக்கவோ வந்த தொகையைப் பார்க்கவோ எங்களால் இயலவில்லை. குழுவுக்கென்று பொது மின்னஞ்சல் ஒன்றை இன்றே தொடங்குங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அந்தத் தாளிலேயே ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் கிடைக்கும் எழுத்துகளும் எண்களுமாக 12 இடங்கள் கொண்ட, அந்த ஒலிப்பதிவைத் தனியே அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி குறியீட்டையும் குறித்து வையுங்கள். பின்னாளில் விநியோகஸ்தரை மாற்றினால், அதே ஒலிப்பதிவை அதே குறியீட்டுடன் ஏற்றினால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை தொடரும் வாய்ப்பு இருக்கிறது. குழுவின் பெயரையும் முன்கூட்டியே தேடிப் பாருங்கள். இங்கிலாந்தின் ஸ்வேட் குழு, அதே பெயரில் ஏற்கெனவே ஒரு பாடகி இருந்ததால், அமெரிக்காவில் 'தி லண்டன் ஸ்வேட்' என்ற பெயரில்தான் இசைத்தட்டுகளை வெளியிட நேர்ந்தது.

மறுமொழி 3:
தாள்கள் அவசியம்தான். ஆயினும் ஒலிப்பதிவிலிருந்து உடனே பணம் வரும் என்று எண்ணித் திட்டமிட வேண்டாம் என்பது என் கருத்து. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு, இணையத்தில் பாட்டுக் கேட்கும் தளமான ஸ்பாட்டிஃபை ராயல்டி (உரிமைத்தொகை) வழங்குவதில்லை. இசை வெளியீட்டு நிறுவனம் ஏதேனும் முன்பணம் தந்தால், அது பரிசு அன்று. உங்கள் பங்கு ராயல்டியிலிருந்து அதை முழுதாகக் கழித்த பிறகே உங்களுக்குப் பணம் வரும்.

மூன்று பாட்டுகளையும் ஒரே நாளில் வெளியிடாமல் இடைவெளி விட்டு வெளியிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் பாட்டுப் பட்டியல்களை (பிளேலிஸ்ட்) தொகுப்பவர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள்களுக்கு முன் அனுப்புவது நல்லது என்பதால், தேதியைச் சற்றுத் தள்ளியே குறியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றைய ஒத்திகை முடிந்ததும் தாளை எடுத்து அமர்ந்தோம். எங்கள் பாடகியே முன்வந்து, அந்தப் பாட்டின் படைப்புரிமையில் 20 விழுக்காட்டைக் கீபோர்டு நண்பருக்கு எழுதினார். மற்ற இரண்டு பாட்டுகளின் மாஸ்டர் பங்கைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.